நகல் எடுத்த வரி

அவளுக்கு இரண்டு பேர். ஒன்று பிரெஞ்சுக் காகிதத்தில் இருந்தது. இன்னொன்று வீட்டில் கூப்பிட்டது. இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவளைக் கண்டுபிடித்துப் பாராட்டிவிடுவார்கள். அவள் பாராட்டு வாங்குவதை நான் நிறையப் பார்த்தாயிற்று.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தண்ணீர் பம்புக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்கு ஒரு ஏசி ரூம் கட்டினார்கள். கம்பெனியில் முதலாளிக்குக்கூட ஏசி கிடையாது. அந்த ரூமுக்கு இரண்டு பெண்களைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி அவள். முதல் நாளே மேனேஜர் சொல்லிவிட்டார்.

“வருஷக் கடைசியில ஒருத்தரைத்தான் பர்மனென்ட் பண்ணுவோம். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் அழக் கூடாது.”

எனக்கு அந்த வேலை வேண்டும். என் அப்பா மில் தொழிலாளி. மில் அந்த வருஷம் மாதத்தில் பத்து நாள் ஓடும், இருபது நாள் பூட்டியிருக்கும். பூட்டிய நாட்களில் அப்பா குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள். பாலிடெக்னிக் படித்த ஒரே ஆள் நான். அதனால் எனக்கு வேண்டும்.

அவளுக்கு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவள் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வோம். சொல்தா வீடு என்றால் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும், வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கும், பிள்ளைகள் பிரெஞ்சு பேசும். இவளுக்கு எதுக்கு வேலை, பொழுது போகலையா என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

ஏசி ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தூசி பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்று விற்றவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி நீல வார் ரப்பர் செருப்பு. ஒரே அளவு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் நான் தெரியாமல் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். போட்டுக்கொண்டு வரவில்லை. பஸ்ஸில் வெறுங்காலோடு வந்திருக்கிறாள்.

“இது என்னுது இல்ல. என்னுது மாதிரி.”

“ரெண்டும் ஒண்ணுதானே. அதே கலர், அதே சைஸ். நீ அதையே போட்டுக்க, நான் இதையே போட்டுக்கறேன்.”

“நான் இதைப் போட்டுத் தேச்சா அது தேயுமா?”

“என்னா?”

“தேயாது இல்ல. அப்ப வேற வேறதான்.”

குனிந்து நான் போட்டிருந்த செருப்பின் வாரைத் தூக்கிக் காட்டினாள். அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். செருப்புக்கு அடையாளம் போடுகிற பொம்பளையை நான் அதுவரை பார்த்ததில்லை. பைத்தியம் என்று நினைத்தேன். பைத்தியம் என்றே நினைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எதை எடுத்தாலும் அவளுக்கு அந்தக் கேள்விதான். அதுவேவா, அது மாதிரியா? டீக்கடையில் கேட்பாள். தையல்காரனிடம் கேட்பாள். ஒரு சனிக்கிழமை பெரிய மார்க்கெட்டுக்கு அவளோடு போனேன். மீன் விற்கிற அக்காவிடம் ஒரு வஞ்சிரத்தைக் காட்டி விலை பேசினாள். வெட்டிவரச் சொல்லிக் கொடுக்கும் முன்னால் வாலின் நுனியை நகத்தால் கொஞ்சம் கிள்ளி விட்டாள். வெட்டுகிற ஆள் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். துண்டுகள் வந்ததும் வாலை எடுத்துப் பார்த்தாள்.

“அக்கா, நான் காட்டுனது இது இல்ல.”

“அதேதான்டி. அதுக்கும் இதுக்கும் என்னா வித்தியாசம்? ஒரே கடல்ல புடிச்சது.”

“வால்ல கிள்ளி வச்சேன். இதுல இல்ல.”

மீன்கார அக்கா என்னைப் பார்த்து, “சொல்தா வூட்டுப் பொண்ணு மீனுக்குப் பாஸ்போர்ட் கேக்குது பாரு” என்றாள். பக்கத்துக் கடைகளில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவள் காட்டிய மீன் வரும் வரை நின்று வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

வேலையைச் சொல்கிறேன். மிஷின் ஒன்று, ஆள் இரண்டு. காலையில் அவள் உட்கார்ந்தால் மத்தியானம் நான். மிஷின் கிடைக்காத நேரத்தில் தாளில் எழுத வேண்டும். அவள் தாளில் எழுதிவிட்டு, கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் அந்த வரிக்கு ஒரு சின்ன டிக். தப்பாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். அவள் டிக் போட்ட தாள் மிஷினில் ஏறினால் முதல் தடவையே ஓடும். என்னுடையது நான்காவது தடவை ஓடும். மேனேஜருக்குப் புரோகிராம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் தெரியும்.

எனக்கென்று ஒரு பெருமை இருந்தது. பாயிண்டர். பாலிடெக்னிக்கில் சி மொழி நடத்திய வாத்தியாருக்கே பாயிண்டர் சரியாக வராது. வகுப்பில் அதைப் பிடித்தவள் நான் ஒருத்திதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு விவரமும் ஒரு இடத்தில் இருக்கும். பாயிண்டர் என்பது அந்த இடத்தின் அட்ரஸ் எழுதிய சீட்டு. சாமான் சீட்டில் இருக்காது, அட்ரஸ்தான் இருக்கும். சீட்டைப் பார்த்து அங்கே போனால் சாமான் கிடைக்கும். நான் சீட்டுக்குச் சீட்டு எழுதி, அதற்கும் ஒரு சீட்டு எழுதுவேன். ஒரு சீட்டுக்கு ஒரு நட்சத்திரக் குறி என்று ஒரு வரியில் மூன்று போடுவேன். யாருக்கும் புரியாது. அதுதான் எனக்கு வேண்டும்.

ஒரு நாள் அது என் மூஞ்சியிலேயே வெடித்தது. ஒரு பங்ஷனுக்குள், அதாவது தனி வேலை ஒன்றைச் செய்கிற புரோகிராம் துண்டுக்குள், ஒரு விவரத்தை வைத்து, அதன் அட்ரஸை வெளியே கொண்டுவந்துவிட்டேன். பங்ஷன் முடிந்தால் உள்ளே இருந்த விவரம் போய்விடும், அட்ரஸ் மட்டும் கையில் நிற்கும். ஐந்து தடவை ஓட்டினேன், சரியான எண் வந்தது. ஆறாவது தடவை மேனேஜர் பின்னால் வந்து நின்றார். திரை முழுக்கக் கன்னாபின்னாவென்று எழுத்துகள் கொட்டின.

“என்னம்மா இது, சீன பாஷையா?” என்றார்.

எங்கே தப்பு என்று அவள் மறுநாள் சொன்னாள்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டைத் தேடிப் போனோம். பிரான்ஸில் படிக்கிற அவள் அண்ணனின் கூட்டாளி ஒருவர் அங்கிருந்து லீவில் வந்திருந்தார். சி பிளஸ் பிளஸ் என்று சி-யை நீட்டிப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதை ஏற்றிய பிளாப்பித் தட்டும் புத்தகமும் கொண்டுவந்திருக்கிறார், வந்து வாங்கிக்கொள் என்று அண்ணன் கடிதம் எழுதியிருந்தான். அட்ரஸ் எழுதிய சீட்டை அவள் பர்ஸில் வைத்திருந்தாள். மேனேஜர் எங்களை மத்தியானத்தோடு அனுப்பினார்.

சீட்டில் இருந்த தெரு சரி. கதவு எண் வரிசையும் சரி. அந்த எண்ணுக்கு வீடு இல்லை. இடித்துப் போட்டிருந்தார்கள். மாடிப்படி மட்டும் நின்றது. ஏழு படி ஏறி ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது. மேல் படியில் ஒரு ஆடு படுத்திருந்தது.

அவள் சீட்டையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சீட்டு சரி. வீடு இல்ல.”

“அதான் தெரியுதே.”

“நேத்து நீ எழுதுனது இதான்.”

அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் கிண்டல் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இல்லை. எனக்கு உதவி செய்கிறாள். அதுதான் எரிந்தது.

எதிர்வீட்டுக்காரர் வேறு அட்ரஸ் சொன்னார். அவள் சீட்டில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். கடற்கரைப் பக்கம் நடந்தோம். தெரு முனையில் நீலப் பலகை. மேலே பிரெஞ்சில் ஒரு பேர், கீழே தமிழில் வேறு பேர். எங்கள் ஊரில் பாதித் தெரு அப்படித்தான். அவள் பலகைக்குக் கீழே நின்றுவிட்டாள்.

“இங்க எத்தினி தெரு?”

“வெயில்ல நிக்க வச்சு என்னாடி கேள்வி இது? ஒரு தெரு.”

“மேல இருக்கற பேரைச் சொல்லி ஒருத்தர் தொடப்பத்தால தெருவைக் கூட்டிட்டுப் போறாரு. கீழ இருக்கற பேர்ல இருக்கற தெரு சுத்தமாச்சா, இல்லையா?”

“நீ லூசா? ஒரே தெருவுக்கு ரெண்டு பேரு. எந்தப் பேரைச் சொல்லிக் கூட்டுனா என்னா?”

“அவ்ளோதான். அண்ணன் லெட்டர்ல எழுதியிருந்தான், சி பிளஸ் பிளஸ்ல ரெஃபரன்ஸ்னு ஒண்ணு இருக்கு, பாயிண்டர் மாதிரிதான் ஆனா இல்லன்னு. நாலு நாளா யோசிக்கறேன். இதான் அது.” சீட்டைத் தூக்கிக் காட்டினாள். “இது பாயிண்டர். அடிச்சுட்டு வேற அட்ரஸ் எழுதலாம். ஒண்ணும் எழுதாம வெறும் சீட்டா வச்சுக்கலாம். வீட்டை இடிச்சாலும் சீட்டு சும்மா இருக்கும்.” பலகையைக் காட்டினாள். “அது ரெஃபரன்ஸ். ஏற்கெனவே இருக்கற தெருவுக்கு இன்னொரு பேரு. தெரு இல்லாம பேர் வைக்க முடியாது. வச்ச பேரை எடுத்து அடுத்த தெருவுக்குக் குடுக்கவும் முடியாது. அதுக்குச் செஞ்சா இதுக்குச் செஞ்சதுதான்.”

புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. பிளாப்பியைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு கடிதத்தில் இருந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, வெயிலில் ஒரு பலகைக்குக் கீழே நின்று அவள் புரிந்துகொண்டாள். நான் அந்தப் பலகைகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? புது அட்ரஸில் புத்தகமும் பிளாப்பியும் கிடைத்தன. திரும்பும் வழியில் அவள் பேச்சுக் கொடுத்தபோது தலைவலி என்று சொன்னேன். அவள் நம்பி, சோடா வாங்கிக் கொடுத்தாள்.

புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் புரட்டினால் எனக்குத் தெரிந்தது நட்சத்திரக் குறியும் & குறியும்தான். அவள் மடியில் வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் மாதிரி படித்தாள். ஒரு மாதத்தில் வளைய அளவுகளுக்கான புரோகிராமைப் புது மொழியில் எழுதத் தொடங்கினாள். எனக்கு மேனேஜர் அச்சடிக்கிற பகுதியைக் கொடுத்தார். அவள் என்னிடம் வந்தாள்.

“வா, ரெண்டு பேரும் உட்காந்து ஒரு தடவ படிச்சிடலாம். என் பங்ஷனை உன் புரோகிராம்லேர்ந்து எப்படிக் கூப்பிட்டு வேலை வாங்கணும்னு காட்டறேன்.”

“எனக்குப் படிக்கத் தெரியும்.”

“இல்ல, ரெஃபரன்ஸ் இருக்கு, கூப்பிடற எடத்துல பார்த்தா தெரியாது...”

“தெரியும்னு சொன்னேன் இல்ல.”

அவள் போய்விட்டாள். அவள் பங்ஷன்களின் முதல் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். எனக்காகத்தான் ஒட்டினாள். அதனாலேயே நான் படிக்கவில்லை.

ரப்பர் சூட்டில் வேகும். ஆறும்போது சுருங்கும். ஐம்பது மில்லிமீட்டர் வளையம் வேண்டுமென்றால் அதை வேக வைக்கிற இரும்பு அச்சு ஐம்பத்தொன்று இருக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு கூட்ட வேண்டும். அந்த இரண்டைக் கூட்டுகிற பங்ஷன் அவள் எழுதியது. ஒரு வளையத்தின் விவரங்கள் அடங்கிய ரெக்கார்டைக் கொடுத்தால் அளவைக் கூட்டிவிடும். நான் எழுதிய புரோகிராம் பிளாப்பியிலிருந்து எல்லா வளையங்களையும் எடுக்கும். ஒவ்வொன்றையும் அவள் பங்ஷனுக்குக் கொடுத்து, கூட்டிய அளவை அச்சுப் பட்டறைக்குத் தாளில் அடித்துக் கொடுக்கும். கடைசியில் எல்லாவற்றையும் திரும்பப் பிளாப்பியில் எழுதி வைக்கும்.

சி மொழியில் ஒரு ரெக்கார்டைப் பங்ஷனுக்குக் கொடுத்தால் போவது நகல். உள்ளே என்ன செய்தாலும் நம்முடையது அப்படியே இருக்கும். அசல் மாற வேண்டுமென்றால் அட்ரஸ் சீட்டு கொடுக்க வேண்டும், குறி போட வேண்டும். நான் குறி போடவில்லை. அதனால் போவது நகல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். நகல் என்றால் என் தாளில் கூட்டிய அளவு எப்படி வருகிறது என்று யோசிக்கவே இல்லை. அவள் பங்ஷனின் முதல் வரியில் & இருந்தது. அந்தக் குறி இருந்தால் ரெஃபரன்ஸில் வாங்குகிறது என்று அர்த்தம். என் ரெக்கார்டுக்கு அங்கே வேறு பேர், அவ்வளவுதான். அதுவேதான் உள்ளே போனது. அதுவேதான் மாறியது. மாறியதைத்தான் என் புரோகிராம் பிளாப்பியில் எழுதி வைத்தது.

முதல் மாதத் தாளில் ஐம்பத்தொன்று. சரி. இரண்டாவது மாதம் ஏற்கெனவே கூட்டியதற்கு மேல் இன்னொரு தடவை கூட்டியது. மூன்றாவது மாதம் அதற்கும் மேல். அரை நாளில் பட்டறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் அச்சை மாற்றி மாற்றிச் செய்திருக்கிறார்கள்.

ஒரு காலையில் பட்டறை ஃபோர்மேன் செருப்போடு ஏசி ரூமுக்குள் வந்தார். கையில் ஒரு வளையத்தை வளையல் மாதிரி மாட்டியிருந்தார்.

“இது பம்புக்கா, இல்ல என் பொண்டாட்டிக்கா? பள்ளத்துல உக்கார மாட்டேங்குது. ரெண்டு மூட்டை இருக்கு வெளியில. வேணும்னா ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்குங்க.”

அவள் அன்றைக்கு மத்தியானம்தான் வர வேண்டும். மேனேஜர் வரும் முன்னால் நான் தாள்களை எடுத்து, அவள் செய்கிற மாதிரியே பென்சிலை வைத்து ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. நான் கூப்பிட்ட இடம். சுவரில் ஒட்டியிருந்த தாளில் மூன்றாவது வரி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பயத்தில் வைத்தது பாதி. பலகைக்குக் கீழே அவள் கேட்டு, ‘நீ லூசா’ என்று நான் தள்ளிவிட்ட கேள்விதான் இது என்று புரிந்தது மீதி. மேல் பேரில் கூட்டினேன். கீழ் பேரில் இருந்த தெரு மாறிவிட்டது.

மத்தியானம் மேனேஜர் வந்தார். கையில் அவள் பங்ஷனின் அச்சுத் தாள். எல்லா பங்ஷனுக்கும் மேலே எழுதியவரின் பேரின் முதல் எழுத்துகள் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்தான்.

“இது யார் எழுதினது?”

“நான் சார்” என்றாள்.

“இதுதான் ரெண்டு ரெண்டா கூட்டுதா?”

“ஆமா சார்.”

“மறுபடி மறுபடி கூட்டியிருக்கு. ரெண்டு மூட்டை ரப்பர் குப்பைக்குப் போகுது.”

“கூட்டச் சொன்னாக் கூட்டும் சார்.”

“யார் சொன்னது?”

அவள் தாளைக் கேட்டு வாங்கவில்லை. அவளுக்குத் தேவையில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். தாளில் ஒரு வரிக்கு முன்னால் பென்சிலோடு நிற்பாளே, அப்படிப் பார்த்தாள். டிக் போடலாமா வேண்டாமா என்று. நான் ஏசிப் பெட்டியைப் பார்த்தேன். அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. நான் வாயைத் திறந்திருந்தால் என் அப்பா மில் கேட்டுக்கு நடப்பது நிற்காது. அதைத்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைத்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

“பங்ஷன் என்னுது சார்” என்றாள் அவள்.

அது உண்மை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

வருஷக் கடைசியில் என்னை நிரந்தரம் செய்தார்கள். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். வாசலில் என்னிடம், “புத்தகம் வேணுமா?” என்று கேட்டாள். “பிரெஞ்சு எனக்கு வராது” என்றேன். “ஆமா இல்ல” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் சொல்லவில்லை? பல வருஷம் யோசித்தேன். நானே சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். காட்டிக்கொடுப்பது அவளுக்குக் கேவலமாக இருந்திருக்கலாம். அல்லது அவள் திமிர் அது. சொல்தா வீட்டுக்காரி, வேலை போனால் என்ன என்று நினைத்திருப்பாள் என்று சொல்லி நான் சமாதானம் ஆனேன். அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. அவள் தெருவிலேயே குடியிருந்த ஃபோர்மேன்தான் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

“அந்தப் பொண்ணோட அப்பா செத்து ரெண்டு வருஷம் ஆவுது. அம்மாவுக்குப் பென்ஷன் மாறி வரல. அவருக்குக் கல்யாணக் காகிதத்துல ஒரு பேரு, பட்டாளத்துக் காகிதத்துல ஒரு பேரு. ஒரே ஆள்தான்னு எழுதி எழுதிப் போட்டாங்க. நம்ப மாட்டேங்கறாங்க. இந்தப் பொண்ணு சம்பளத்துலதான் வூடு ஓடுச்சு.”

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் என்பதை அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது வீட்டில் அவள் அதே சண்டையைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லையே.

அவள் போன அடுத்த வாரம் மேனேஜர், பிளாப்பியில் பழைய அளவுகளைத் திரும்ப ஏற்றி அந்தப் பங்ஷனைச் சரிசெய்யச் சொன்னார். அதுவரை பட்டறை கையால்தான் கணக்குப் போட்டது. அதில் தப்பு இல்லை. ஆனால் தப்பு அதில்தான் என்று சொல்லியாகிவிட்டதே. அதனால் நான் அந்த & குறியை எடுத்தேன். ஒரே ஒரு குறி. பங்ஷனுக்கு இப்போது நகல் போனது. நகலில் கூட்டியது. நகலைத் தூக்கிப் போட்டது. அசலில் ஒன்றும் கூடவில்லை. பட்டறைக்குச் சுருக்கம் சேர்க்காத அளவு போனது, மாதிரிக்குச் செய்த வளையம் சின்னதாக வந்தது. ஃபோர்மேன் அதைச் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டு வந்து, “இப்ப மோதிரமா?” என்றார்.

பொய்யை உண்மையாக்கலாம் என்று பார்த்தேன். அந்தப் பங்ஷன் ஒத்துக்கொள்ளவில்லை. குறியைத் திரும்பப் போட்டேன். பிறகு என் புரோகிராமில், நான் கூப்பிடுகிற இடத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். ரெக்கார்டை முதலில் ஒரு நகல் எடு. நகலை அவள் பங்ஷனுக்குக் கொடுத்து அச்சடி, அசலைத் தொடாதே. எல்லாம் சரியாகிவிட்டது. மாற்றிய வரிக்குப் பக்கத்தில் தேதியும் முதல் எழுத்துகளும் எழுத வேண்டும். என் எழுத்துகளை எழுதினேன். தப்பு யாருடையது என்று அந்த ஒரு வரி சொன்னது. கம்பெனியில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊரில் இரண்டு பேர்.

இரண்டு மாதம் கழித்து அவள் வந்தாள். அனுபவச் சான்றிதழ் வாங்க. மேனேஜர் கையெழுத்துப் போடும் வரை ஏசி ரூமில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். வெளியே நீலச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். ஒரு டுடோரியலில் கணக்கு நடத்துகிறேன் என்றாள். இளைத்திருந்தாள். மேஜையில் என் புரோகிராமின் தாள்கள் விரிந்து கிடந்தன. மூடி வைக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அவள் கை அதன் மேல் இருந்தது.

கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். பழக்கம். மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக வந்தாள். என் தாள் என்பதால் டிக் போடாமல் பென்சில் நுனியை மட்டும் நகர்த்தினாள். நான் மிஷினைத் தட்டுகிற மாதிரி நடித்தேன். பென்சில் நின்றது.

“இந்த வரி எப்ப போட்ட?”

“நீ போன அடுத்த வாரம்.”

“அதுக்கு முன்னால அந்தக் குறியை எடுத்துப் பார்த்திருப்பியே.”

“ம்.”

“வளையம் சின்னதாயிருக்கும்.”

“ம்.”

திட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திரும்பத் திட்டியிருப்பேன், சண்டை முடிந்திருக்கும். அவள் அந்த வரியை மறுபடி ஒரு தடவை படித்தாள். முழுக்கப் படித்தாள். பக்கத்தில் இருந்த என் எழுத்துகளையும் தேதியையும் படித்தாள். பிறகு அந்த வரிக்கு ஒரு டிக் போட்டாள்.

“இப்ப சரியா இருக்கு” என்றாள்.

என் வரிக்கு அவள் போட்ட ஒரே டிக் அதுதான் என்று தோன்றியது. அந்த நேரத்திலும் என் மனதில் முதலில் வந்தது வெட்கம் இல்லை. இவளால் எப்படி முடிகிறது என்கிற வயிற்றெரிச்சல். வெட்கம் அவள் போன பிறகுதான் வந்தது.

உள்ளேயிருந்து மேனேஜர் கேட்டார், “சர்ட்டிபிகேட்ல எந்தப் பேரும்மா போடணும்?”

“ரெண்டையும் போடுங்க சார். ஒரே ஆள்னு ஒரு வரி எழுதிடுங்க. வேற எடத்துக்கும் உதவும்” என்றாள்.

அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

நான் அதே கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றேன். தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்தேன். அந்தத் தாளை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஓட்டை வைத்த பழைய கம்ப்யூட்டர் தாள், மடிப்பில் கிழியத் தொடங்கியது. போன வருஷம் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் ஒரு நகல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நகலில் எல்லா வரியும் இருந்தது. நான் சேர்த்த வரியும் இருந்தது, என் எழுத்துகளும் தேதியும் இருந்தன. பென்சில் மங்கிப்போயிருந்ததால் அவள் போட்ட டிக் மட்டும் விழவில்லை.

நகலைக் கிழித்துப் போட்டேன்.